பட்டியலில் முதல் பெயர்

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. மெயில் போடலாம் என்றால் உங்கள் வீட்டில் மெயில் திறந்திருப்பது அண்ணனின் லேப்டாப்பில்தான். அவன் பெயருக்குக் கீழே என் பெயர் வந்து நிற்கும் என்று நினைத்தாலே கை வரவில்லை. அதனால் பேனா. ஐந்து மாதம் பேசாமல் இருந்துவிட்டு எடுத்த எடுப்பில் இதைக் கேட்கிறாளே என்று கோபப்படாதீர்கள். அண்ணனின் கணக்கிலிருந்து யார் எழுதுகிறார்கள்?

போன வியாழன் சாயங்காலம் பாப்பாவைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டிக்கொண்டே ஒரு கையால், அண்ணனும் நானும் எழுதிய ‘துளி’ புரோகிராமின் பக்கத்தைத் திறந்தேன். ஏதோ ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்ட கேள்விக்குக் கீழே “பார்க்கிறேன். நன்றி.” என்று பதில். போட்டவர் பெயர்: எறும்பு. போட்டு ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

எறும்பு என்று அவனுக்குப் பெயர் வைத்ததே நான்தான். மார்ச் ஒன்பதாம் தேதி அவனை எடுத்தபோது உங்கள் பக்கத்தில் நின்றவளும் நான்தான். இவரிடம் போய், “அண்ணன் பதில் போட்டிருக்கான்” என்றேன். இவர் முதலில் பாப்பாவை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, “ஏதாவது தானா ஓடுற புரோகிராமா இருக்கும்மா” என்றார்.

தானாக ஓடவில்லை. பின்னோக்கிப் போய் எண்ணினேன். மார்ச் கடைசியிலிருந்து முப்பத்தெட்டு பதில்கள். ஒருவர், “உடம்பு சரியில்லையா சார், பதிலெல்லாம் சுருக்கமா வருதே” என்று கேட்டிருக்கிறார். “இப்போது பரவாயில்லை” என்று பதில் போயிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து, தூங்கும் பாப்பாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது எனக்கு இரண்டு மடங்காகிவிட்டது.

இது பேய்க்கதை மட்டுமாக இருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். துளி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்: குறைமாதக் குழந்தையின் எடையைக் கொடுத்தால் மணிக்கு எத்தனை துளி மருந்து என்று சொல்லும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். மாற்றியதை வெளியே கொடுத்தால் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பட்டியலில் மூன்று பெயர்கள். முதலில் அண்ணன், பிறகு நான், மூன்றாவது மருந்து ஏற்றும் பம்ப் செய்யும் கம்பெனியின் இன்ஜினியர். அண்ணனே சேர்த்துவிட்டவர்.

ஆகஸ்ட் நான்காம் தேதி அந்த இன்ஜினியர் ஒரு தீர்மானம் போட்டார். அடுத்த பதிப்பிலிருந்து உரிமத்தை மாற்றித் துளியைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது. அவர்கள் பம்ப் வாங்கிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் திருத்தங்கள் போகும். மற்றவர்கள் பழையதை அதன் பிழைகளோடு வைத்துக்கொள்ளலாம். பழையதை எடுத்துத் திருத்தி வளர்க்கச் சட்டம் தடுக்காதுதான். யார் வளர்ப்பார்கள்? பாப்பா பிறந்த இந்த ஒன்பது மாதத்தில் நானே ஒரு வரி எழுதவில்லை.

மூன்றில் இரண்டு பேர் சரி என்றால் மாறிவிடும். அவர் சரி என்றார். நான் வேண்டாம் என்றேன். மிச்சம் அண்ணன். முப்பது நாள் வாயைத் திறக்காதவர் சரி என்று சொன்னதாகக் கொள்ளப்படும் என்று எங்கள் விதியில் இருக்கிறது. அதை எழுதியது நான். தீர்மானம் என்று எது வந்தாலும் அண்ணன் பதில் போடமாட்டான் என்று கேலியாக எழுதி, இரண்டு பேரும் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டோம்.

அவன் போனதும் பெயரை எடுத்திருக்க வேண்டும். இரண்டு முறை அந்த வரிக்குப் போய் நின்றேன். ஒரே ஒரு வரி. அழிக்க முடியவில்லை, மூடிவிட்டேன். இப்போது செப்டம்பர் மூன்றாம் தேதி அண்ணன் “சரி” என்று வாக்களிக்கப் போகிறான்.

பதில் போடுங்கள் அண்ணி. திட்டியாவது போடுங்கள்.

சிட்டு

*

ஆகஸ்ட் 15

சிட்டுவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. மூக்கில் விரல் வைப்பது மட்டும் இருக்கிறது. பிள்ளையைத் தூங்க விடு.

அவர் போன நான்காம் நாள் நீ என் வீட்டுக்குள் வந்து கேட்டது நினைவிருக்கிறதா? “அண்ணி, லேப்டாப்ப நான் எடுத்துக்கட்டுமா, துளியோட சாவி, கடவுச்சொல்லெல்லாம் அதுலதான் இருக்கு.” கையில் காலிப் பை வேறு. கைக்குழந்தைக்காரி என்று வாயை மூடிக்கொண்டேன். இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அது மேசையில் அவர் வைத்த இடத்தில் இருக்கிறது. அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கடவுச்சொல் கேட்கும். அது அவரோடு போய்விட்டது. நான் வேலைக்குப் போய்வரும்போதெல்லாம் உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கிறது. யாரோ அறையில் இருக்கிற மாதிரி. அதில் உனக்கு என்ன நஷ்டம்?

யார் எழுதுகிறார்கள் என்கிறாய். அந்த நர்ஸுக்குப் பதில் கிடைத்ததா, இல்லையா? கிடைத்தது. பிறகென்ன?

வாக்கு, உரிமம், விதி என்றெல்லாம் எனக்கு எழுதாதே. அச்சகத்தில் பள்ளிப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறவள் நான். உங்கள் இரண்டு பேர் விளையாட்டில் என்னை என்றைக்குச் சேர்த்துக்கொண்டீர்கள், இன்றைக்குச் சேர்க்க?

அண்ணி

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள்தான்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பாதி தெரியும். எல்லாப் பதிலும் காலை எட்டுக்கு முன்னால், இல்லாவிட்டால் சாயங்காலம் ஆறுக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுக்க. அது அச்சக நேரம். மீதிப் பாதி அந்த “நன்றி”. அண்ணன் பிறந்ததிலிருந்து யாருக்காவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

கோபமில்லை. சத்தியமாக இல்லை. பேயில்லை, அண்ணிதான் என்று தெரிந்ததும் உட்கார்ந்து அழுதேன். நிம்மதியா, ஏமாற்றமா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று நடந்துவிட்டது. இன்ஜினியருக்குப் போன் செய்தேன்.

“சார், அண்ணன் இறந்து அஞ்சு மாசமாச்சு. அவர் பேர வாக்குல சேர்க்கக் கூடாது.”

“எறும்பு சார் கணக்கு நேத்துகூட பதில் சொல்லிருக்கு மேடம்.”

“அது அவர் இல்ல சார்.”

“இருக்கலாம். ஆனா தீர்மானத்த எதிர்க்கறவங்க நீங்க. நீங்களே அவர் இல்லன்னு சொன்னா எப்படி எடுத்துக்கறது? வீட்டுலேருந்து எழுத்துல வரட்டும், நானே பேர எடுக்க ஒத்துக்கறேன்.”

அவர் குரலில் ஆச்சரியமே இல்லை அண்ணி. செத்துவிட்டான் என்று நான் சொன்னபோது ஒரு “அடடா”கூட வரவில்லை.

கணக்கு பேசாமல் கிடந்திருந்தால் ஆள் இல்லை என்று வாதாடியிருப்பேன். இப்போது ஆள் இருக்கிறான், எல்லாருக்கும் பதில் சொல்கிறான், தீர்மானத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை என்று ஆகிவிட்டது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அவன் இறந்துவிட்டான் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது. அவன் பெயர் போய்விடும். இன்ஜினியரும் நானும் ஆளுக்கொரு வாக்கு, தீர்மானம் விழும். இன்னொன்று சுலபம். நீங்கள் அந்த மேசையில் உட்கார்ந்து, அவன் கணக்கிலிருந்து “வேண்டாம்” என்று ஒரே ஒரு வார்த்தை தட்டுங்கள். முப்பத்தெட்டோடு முப்பத்தொன்பது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். பெயரையும் அழிக்க வேண்டாம்.

தப்பு என்று தெரிந்துதான் கேட்கிறேன். பாப்பா ஆயிரத்து நானூறு கிராமில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, தலைமாட்டுத் திரையில் ஓரத்தில் துளி என்று இருந்தது. அதன் ஒவ்வொரு பிழையும் எனக்கு மனப்பாடம். நர்ஸிடம், “இது எந்தப் பதிப்பு?” என்று கேட்டேன். பிரசவ வலியில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். அண்ணன் போனில், “பயப்படாதடி, அந்தப் பிழைய நேத்தே திருத்தி அனுப்பிட்டேன்” என்றான். அடுத்த முறை ஒருத்தி அப்படிக் கேட்டால், “உங்க ஆஸ்பத்திரி பம்ப் எது?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஒரு வார்த்தை அண்ணி.

சிட்டு

*

ஆகஸ்ட் 24

சிட்டு,

முப்பத்தெட்டு இல்லை. உன் கணக்குக்குப் பிறகு மூன்று போட்டேன். நாற்பத்தொன்று.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். மார்ச் கடைசியில் மேசையைத் துடைக்கும்போது திரை விழித்துக்கொண்டது. யாரோ, “எறும்பு, இருக்கீங்களா?” என்று கேட்டிருந்தார்கள். இருக்கீங்களா. அதற்கு என்ன பதில் போடுவாய் நீ? “இருக்கிறேன்” என்று போட்டேன். போட்ட பிறகு அன்றைக்கு எனக்குச் சாப்பிட முடிந்தது.

அதன்பின் வேலை விட்டு வந்ததும் அதுதான். சின்னச் சின்னதாக. பார்க்கிறேன், நன்றி, கவனித்துக்கொள்கிறேன். எதிலும் கருத்துச் சொன்னதில்லை. அவர் வாயில் கருத்து வைக்க நான் யார்?

உன் இன்ஜினியர் ஆச்சரியப்படாததற்குக் காரணம் இருக்கிறது. அவர் இங்கே வந்திருந்தார். நீ கோபித்துக்கொண்டு போன பிறகு, ஒரு வாரம் கழித்து, தனியாக. முன்னறையில் உட்கார்ந்து, “சார் மாதிரி ஒருத்தர பாத்ததில்ல” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. எனக்கு நடிப்புத் தெரியும்.

அதே மனிதர் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி எறும்பு கணக்குக்கு எழுதினார். “சார், தீர்மானத்தைப் பார்த்தீர்களா? உங்களுக்குச் சம்மதம்தானே?” எழுதுவது நான் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். செத்த மனிதரை நடுவில் உட்காரவைத்து இரண்டு பேரும் பேசிக்கொண்டோம் சிட்டு. “பார்க்கிறேன்” என்று போட்டேன். “நன்றி சார், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த அறைக்குள் போகப் பயந்தேன்.

நீ கேட்ட வார்த்தையைத் தட்ட நேற்று உட்கார்ந்தேன். வரைவுகள் என்று ஒரு இடம் இருக்கிறதே, அதை இதுவரை திறந்ததில்லை. நேற்றுத் திறந்தேன். உனக்கு எழுதி அனுப்பாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 27. உனக்குக் காட்டாமல் “வேண்டாம்” என்று தட்ட என்னால் முடியாது. அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

“சிட்டு, கம்பெனிக்காரர் கேக்கிறார், குடுத்துடலாம்னு தோணுது. தனியா முடியலடி. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலேருந்தும் யாராவது ஒரு குழந்தையோட எடைய சொல்லிட்டு கேள்வி கேக்கறாங்க, தப்பா போயிடுமோன்னு பயமா இருக்கு. நீ பிள்ளைய பாரு, உன்ன ஒண்ணும் சொல்லல. நீ சரின்னா குடுத்துடறேன். நீ சொல்லாம”

அதோடு நிற்கிறது.

அண்ணி

*

ஆகஸ்ட் 27

அண்ணி,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரியில் அவன் எனக்கு மூன்று செய்தி அனுப்பினான். மூன்றிலும் “ஒரு நிமிஷம் பாரு சிட்டு” என்றுதான் இருந்தது. பார்த்தேன். பாப்பா தூங்கட்டும் என்று நினைத்தேன். அவள் தூங்கினாள், நானும் தூங்கினேன். மறுநாள், அதற்கு மறுநாள். பிறகு பதில் போடவே வெட்கமாக இருந்தது. பிறகு மார்ச் ஒன்பது.

முப்பது நாள் வாய் திறக்காதவர் சரி என்று சொன்னதாகக் கொள்ளப்படும். நான் வாய் திறக்காததை அவன் என்னவென்று எடுத்துக்கொண்டான்?

அவன் கொடுத்துவிடத்தான் நினைத்திருக்கிறான். நானோ அவன் பெயரில் வேண்டாம் என்று தட்டச் சொல்லி உங்களைக் கெஞ்சினேன். உயிரோடு இருந்தபோது ஒரு நிமிடம் கொடுக்காதவள், செத்தபின் அவன் வாக்கையும் பிடுங்கப் பார்த்தேன்.

என் “வேண்டாம்” என்பதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடட்டுமா? அவன் கேட்ட ஒன்றையாவது கொடுத்த மாதிரி இருக்கும். இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

இவர், “நீ முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு” என்கிறார். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள்.

சிட்டு

*

ஆகஸ்ட் 30

சிட்டு,

கூரியரில் அனுப்புகிறேன், தாமதம் ஆகக் கூடாது. சாப்பிடு.

உள்ளே இரண்டு தாள். ஒன்று இறப்புச் சான்றிதழ் நகல். மற்றது நான் எழுதியது, அச்சக மேலாளர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் படித்துவிட்டு, “இதுல திருத்த ஒண்ணுமில்லம்மா” என்றார். பன்னிரண்டு வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதில் இருப்பது இதுதான்:

“எறும்பு என்ற பெயரில் எழுதியவர் என் கணவர். மார்ச் 9 அன்று இறந்தார். அதன்பின் அவர் பெயரில் வந்த நாற்பத்தொரு பதில்களும் நான் எழுதியவை. ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனால் ஏமாற்றியிருக்கிறேன். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் எழுதிய பகுதியின் உரிமை இப்போது என்னுடையது. அதன் உரிமத்தை மாற்ற நான் சம்மதிக்கவில்லை.”

கடைசி வரி நான் சொல்வது. என் பெயரில், என் வாயால். அவருக்கு அலுத்துப்போயிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அவர் உண்மையில் கேட்டது கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்று அல்ல, கூட ஒரு ஆள் வேண்டும் என்று — இல்லை. பார், மறுபடியும் அவர் வாயில் வார்த்தை வைக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

அனுப்பாத கடிதம் வாக்கு இல்லை. முடிக்காத வாக்கியம் சத்தியமாக வாக்கு இல்லை. இது மெய்ப்புப் பார்க்கிறவள் சொல்வது. நீ உயிரோடு இருக்கிறாய். உன் வாக்கை நீதான் போட வேண்டும். திரும்ப எடுப்பதானாலும், வைத்திருப்பதானாலும், அது உன்னுடையது என்று தெரிந்து செய். “அண்ணனுக்காக” என்று செய்யாதே.

அண்ணி

*

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

முடிந்தது.

இரண்டாம் தேதி காலை உங்கள் தாள்களைத் துளி பக்கத்தில் போட்டேன். பட்டியலைத் திறந்து முதல் வரியை அழித்தேன். நான் அழித்தது செல்ல இன்ஜினியரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாளாவது இழுப்பார் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒத்துக்கொண்டார். கூடவே ஒரு வரி: “மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும்.” ஆனால் அவருடைய “சரி” என்பதை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் மாற்றவில்லை. நேற்றோடு கெடு முடிந்து தீர்மானம் விழுந்தது. சாயங்காலமே கம்பெனி அவரைப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொண்டது. இப்போது அதில் ஒரே பெயர்தான் இருக்கிறது. என்னுடையது.

ஜெயித்த மாதிரி இல்லை. உங்கள் தாளுக்குக் கீழே ஆட்கள் இரங்கல் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இருநூறைத் தாண்டிவிட்டது. பாதிப் பேருக்கு அவன் முகமே தெரியாது. மார்ச்சில் நடந்தது மறுபடியும் நடக்கிறது, இந்த முறை நம்மைத் தெரியாதவர்கள் வந்து.

ஒன்றை மறைக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை நர்ஸும் எழுதியிருந்தாள். ஒரு கிலோவுக்குக் கீழே எடை போனால் கணக்கில் மணிக்கு ஒரு துளி கூடுதலாக வருகிறது என்பதுதான் அவள் புகார். “சார் பார்க்கிறேன்னு சொன்னதால வேற யார்கிட்டயும் போகல” என்று எழுதியிருக்கிறாள். நாலு வாரமாக ஒவ்வொரு குழந்தைக்கும் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டு காத்திருந்தாளாம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்று மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். இவர் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள, நேற்று முழுக்க உட்கார்ந்து திருத்தினேன். ஆனால் இன்னொருவர் கண் படாமல் வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறது. அவன் எழுதியிருந்த மாதிரியே.

அண்ணி, ஒன்று கேட்கட்டுமா? அவன் கேட்டது எதையும் நான் கொடுக்கவில்லை. நிமிடமும் கொடுக்கவில்லை, சம்மதமும் கொடுக்கவில்லை. பெயரையும் நானே அழித்தேன். அவன் என்னை மன்னிப்பானா? அவன் என்ன சொல்வான் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சிட்டு

*

செப்டம்பர் 8

சிட்டு,

நர்ஸ் விஷயம் படித்தேன். இரண்டு நாள் அச்சகத்துக்குப் போகவில்லை. அவளுக்கு என் பெயரில் எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வராவிட்டாலும் நியாயம்தான்.

திருத்தியதைத் தாளில் அச்செடுத்து அனுப்பு. உன் கணக்கு எனக்குப் புரியாது. ஆனால் அட்டவணையில் ஒரு எண்ணும் விளக்கத்தில் வேறு எண்ணும் இருந்தால் என் கண்ணில் படாமல் போகாது. அந்த நர்ஸையும் பார்க்கச் சொல், அவளுக்குத்தான் புரியும். இரண்டு பேரும் பார்க்கும்வரை வெளியே விடாதே.

அவர் என்ன சொல்வார் என்று என்னிடம் கேட்காதே. நாற்பத்தொரு தடவை சொல்லிவிட்டேன். அதில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை.

அண்ணி